டர்போவை நாமே பழுது பார்க்கலாமா?

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு செல்லும் சாலையோரம் நின்று, கொடைக்கானல் மலைக்குப் போகும் வண்டிகளின் ஓசையைக் கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது, டீசல் எஞ்சினின் கடகட ஒலிக்கு மேலே சீழ்க்கை போன்ற மெல்லிய ஒலி ஒன்று எழும். அதுதான் டர்போவின் குரல். உங்கள் உள்ளங்கையில் அடங்கக்கூடிய இரண்டு சிறு சக்கரங்கள் அங்கே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கின்றன.

செம்பட்டிக்கு அருகே, ஆத்தூர் வட்டத்தில் இருக்கும் பேரூர் சித்தையன்கோட்டை. அங்கே ஒருவர் பழைய டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் மலையேறும்போது வண்டி இழுக்கவில்லை. பின்னால் நீலப் புகை கிளம்புகிறது. "டர்போ போயிருச்சு அண்ணே! ரிப்பேர் கிட் வாங்கினா நாமளே மாட்டிடலாம். எதுக்குக் கடைக்குக் கொடுத்துப் பணத்தைக் கொட்டணும்?" என்கிறான் எதிர் வீட்டு இளைஞன். கடைக்காரரோ, "இதை வீட்டில் பிரிக்கக் கூடாது" என்கிறார்.

இருவரில் யார் சொல்வது சரி? இதில் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் அடங்கியிருக்கிறது. ஆகவே ஊகத்தை நம்பாமல் நாமே கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்வோம். அதற்கு வேண்டிய பௌதிகம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

காற்றைத் திணிக்கும் கருவி

எஞ்சினுக்கு டீசல் மட்டும் போதாது. அதை எரிக்கக் காற்றும் வேண்டும். எவ்வளவு காற்று தெரியுமா? ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிவதற்குச் சுமார் 12 கிலோகிராம் காற்று தேவை. கன அளவில் சொன்னால் ஏறத்தாழ 10,000 லிட்டர்! ஆகவே எஞ்சினின் வலிமை, அது எவ்வளவு காற்றை உள்ளே இழுக்க முடியும் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சிலிண்டரைப் பெரிதாக்கினால் அதிகக் காற்று கொள்ளும். ஆனால் எஞ்சினும் பெரிதாகும், எடையும் கூடும். மற்றொரு வழி, காற்றை அழுத்திச் செறிவாக்கி அதே சிலிண்டருக்குள் திணிப்பது. திணிப்பதற்குச் சக்தி வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? டீசல் எரிவதால் கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சைலன்சர் வழியே புகையோடு புகையாக வெளியேறி வீணாகிறது. அந்த வீணாகும் சக்தியில் ஒரு பகுதியைப் பிடித்து வேலை வாங்குவதே டர்போ.

இதன் அமைப்பு எளிது. ஓர் அச்சின் ஒரு முனையில் ஒரு சக்கரம். வெளியேறும் சூடான வாயு அதன் இதழ்களில் மோதிச் சுழற்றுகிறது. இதற்கு டர்பைன் என்று பெயர். அதே அச்சின் மறு முனையில் இன்னொரு சக்கரம். இது வெளிக் காற்றை உறிஞ்சி அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புகிறது. இதனைக் கம்ப்ரசர் என்பர். ஒரு பக்கம் செந்தணலாய்க் கொதிக்கும் 700, 800 டிகிரி செல்சியஸ் வாயு. சில அங்குலம் தள்ளி மறு பக்கம் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று! அதனால்தான் டர்பைன் சக்கரத்தை வெப்பம் தாங்கும் நிக்கல் உலோகக் கலவையிலும், கம்ப்ரசர் சக்கரத்தைப் பெரும்பாலும் எடை குறைந்த அலுமினியக் கலவையிலும் வார்க்கிறார்கள்.

மலைமேல் ஒரு சோதனை

இந்த யோசனைக்கு 1905-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி. அவருடைய கருவி நன்கு வேலை செய்யத் தொடங்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே, உலகப் போரின்போது அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் விமான எஞ்சின்களுக்காக டர்போ ஒன்றை உருவாக்கினார். உயரே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் விமான எஞ்சின் வலிமை இழக்கிறது அல்லவா? 1918-இல் அவர் ஓர் எஞ்சினை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். தரைமட்டத்தில் சுமார் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், உச்சியில் 230 மட்டுமே தந்தது. டர்போவை இணைத்ததும் 356 தந்தது! மலை பறித்ததை டர்போ மீட்டுக் கொடுத்துவிட்டது.

இதே சோதனை நம் ஊரில் நாள்தோறும் நடக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் திண்டுக்கல் சமவெளியில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ பழுதான வண்டி சமவெளியில் எப்படியோ ஓடிவிடும். மலைப் பாதையில்தான் குட்டு வெளிப்படும்.

இன்று டர்போ நமக்கு அயல்நாட்டுப் பொருள் அன்று. 1982-இல் நிறுவப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனம் சென்னைக்குத் தெற்கே பையனூரில் டர்போக்களைத் தயாரிக்கிறது. இப்போது விற்கும் டீசல் கார்கள் டர்போ இல்லாமல் வருவதில்லை எனலாம்.

எண்ணெய் மீது மிதக்கும் அச்சு

வீட்டில் ஓடும் மின்விசிறி நிமிடத்துக்குச் சுமார் 350 முறை சுற்றுகிறது. சிறிய காரின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் முறை வரை சுற்றக்கூடும். மின்விசிறியைப் போல் சுமார் 570 மடங்கு! 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் இந்த வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பு விநாடிக்கு 470 மீட்டர் பாய்கிறது. காற்றில் ஒலியின் வேகமோ விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான்.

இத்தகைய வேகத்தை எந்தத் தாங்கி, அதாவது பேரிங், தாங்கும்? பெரும்பாலான டர்போக்களில் குண்டு பேரிங்குகள் இல்லை. அச்சைச் சுற்றி வெண்கலப் புஷ் ஒன்று; அச்சுக்கும் புஷ்ஷுக்கும் இடையே எண்ணெய்ப் படலம்; புஷ்ஷுக்கும் கூட்டுக்கும் இடையே இன்னோர் எண்ணெய்ப் படலம். புஷ்ஷும் தன் பங்குக்கு மெல்லச் சுழலும். எஞ்சினிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெயில் அச்சு மிதக்கிறது. ஓடும்போது உலோகத்தை உலோகம் தொடுவதே இல்லை. அந்தப் படலங்களின் தடிப்பு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. உங்கள் தலைமுடி ஒன்றின் பருமனுக்குள் அடங்கிவிடும். டர்போவின் உயிர் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது.

நெல்மணிக் கணக்கு

இப்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் நெல்மணிகளின் எடை சுமார் 20 கிராம் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு நெல்மணி 20 மில்லிகிராம். டர்போ சக்கரத்தின் ஒரு பக்கம், மையத்திலிருந்து 20 மில்லிமீட்டர் தூரத்தில், இந்த ஒரு நெல்மணியின் அளவுக்கு எடை கூடியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சுழலும்போது அது அச்சை எவ்வளவு விசையோடு வெளிப்புறம் இழுக்கும்?

விதி நீங்கள் அறிந்ததே. மையவிலக்கு விசை என்பது நிறை, ஆரம், கோணத் திசைவேகத்தின் இருபடி ஆகிய மூன்றின் பெருக்கற்பலன்.

நிமிடத்துக்கு 2,00,000 சுற்று என்றால் விநாடிக்கு 3,333 சுற்று. ஒரு சுற்றுக்கு 6.283 ரேடியன், ஆகவே கோணத் திசைவேகம் விநாடிக்குச் சுமார் 20,940 ரேடியன். இதன் இருபடி ஏறத்தாழ 43.9 கோடி. நிறை 0.00002 கிலோகிராம், ஆரம் 0.02 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது சுமார் 175 நியூட்டன்.

அதாவது, 18 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டால் உண்டாகும் இழுப்பு! அதுவும் ஒரே திசையில் அன்று. விநாடிக்கு 3,333 முறை எல்லாத் திசைகளிலும் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. ஒரு நெல்மணிக்கே இவ்வளவு என்றால், முடிமயிர்த் தடிப்புள்ள எண்ணெய்ப் படலம் எத்தனை நாள் தாங்கும்? படலம் கிழியும், அச்சு புஷ்ஷை உரசும், புஷ் தேயும், சக்கரம் ஆடிக் கூட்டில் இடிக்கும், இதழ் உடையும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதும் உண்டு.

வீட்டில் டர்போவைப் பிரித்து மாட்டுபவர் எதிர்கொள்ளும் உண்மையான இடர் இதுதான். பிரிப்பதும் துடைப்பதும் புதிய புஷ்ஷையும் சீலையும் பொருத்துவதும் கடினமே அல்ல. பொறுமையும் சுத்தமும் உள்ள ஒருவர் ஒரு பகலில் செய்துவிடலாம். ஆனால் கம்ப்ரசர் சக்கரத்தைக் கழற்றி மாட்டியதும், சில மில்லிகிராம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணும் கையும் கண்டறிய மாட்டா. கையால் சுற்றிப் பார்த்தால் வெண்ணெய் போல வழுக்கிச் சுழலும்; ஆனால் அதில் ஒன்றும் தெரியாது.

பழைய மெக்கானிக்குகள் செய்ததெப்படி?

"எங்கள் மெக்கானிக் லாரி டர்போவைப் பட்டறையிலேயே பிரித்து மாட்டுவார். அச்சிலும் சக்கரத்திலும் நட்டிலும் ஒரே நேராகக் கோடு போட்டுக்கொண்டு கழற்றுவார். மறுபடி அதே கோட்டில் பொருத்துவார். வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடியது" என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். அவர் சொல்வது பொய்யன்று.

பெரிய லாரி டர்போ நிமிடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் சுற்று சுற்றுகிறது. கார் டர்போவின் வேகத்தில் பாதி. விசை வேகத்தின் இருபடியைப் பொறுத்தது அல்லவா? வேகம் பாதியானால் விசை காற்பங்காகும். அதே நெல்மணி, அதே ஆரத்தில், 18 கிலோவுக்குப் பதில் நாலரைக் கிலோ அளவே இழுக்கும். அதோடு லாரி டர்போவின் அச்சும் தாங்கியும் பருமனானவை. கோடு போட்டு மாட்டுவதால் பழைய சமநிலை ஓரளவு காக்கப்படும். அந்த 'ஓரளவு' லாரிக்குப் பல நேரம் போதுமானதாக இருந்தது. சிறிய காருக்குப் போதாது. கைத்திறன் குறைந்துவிடவில்லை, வேகம் இரட்டித்துவிட்டது.

பட்டறையில் நடப்பது என்ன?

டர்போ பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நல்ல பட்டறையில் முதலில் ஒவ்வொரு பாகத்தையும் கழுவி அளக்கிறார்கள். அச்சின் தேய்மானத்தை மைக்ரோமீட்டரால் பார்க்கிறார்கள். தேய்ந்திருந்தால் புதிய புஷ் போட்டும் பயனில்லை. அச்சையே மாற்ற வேண்டும். பிறகு டர்பைன் அச்சையும் கம்ப்ரசர் சக்கரத்தையும் தனித்தனியே சமன் செய்கிறார்கள். கடைசியாக, இரண்டையும் தாங்கிகளோடு பூட்டிய நடுப்பாகத்தை ஓர் எந்திரத்தில் ஏற்றி, சூடான எண்ணெய் செலுத்தி, காற்றை ஊதி அதிவேகத்தில் சுழற்றுகிறார்கள். நடுக்கத்தை உணரும் கருவி, எந்தப் பக்கம் எடை அதிகம் என்று காட்டுகிறது. அங்கே நட்டிலோ சக்கரத்தின் மையத்திலோ உலோகத்தை இம்மியளவு தேய்த்து எடுக்கிறார்கள். மறுபடி சுழற்றுகிறார்கள். நடுக்கம் வரம்புக்குள் வரும்வரை இது தொடரும்.

நீங்கள் பட்டறைக்குத் தரும் பணத்தில் பெரும்பங்கு இந்த எந்திரத்துக்கானது. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதன்று. "பூட்டிய பிறகு அதிவேகத்தில் பேலன்சிங் பார்ப்பீர்களா? அந்த அளவீட்டைத் தருவீர்களா?" என்பதே. அது இல்லாத பட்டறைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் பெரிய வேறுபாடு இல்லை!

இடைவழி ஒன்றும் உண்டு. முன்பே சமன் செய்யப்பட்ட நடுப்பாகம், 'கார்ட்ரிட்ஜ்' என்ற பெயரில் பல வண்டிகளுக்குத் தனியாகக் கிடைக்கிறது. கைதேர்ந்த உள்ளூர் மெக்கானிக், அதைப் பழைய கூடுகளுக்கு நடுவே பொருத்திவிடலாம், சமநிலை கெடுவதில்லை. ஆனால் டர்பைனைச் சுற்றி அசையும் தகடுகள் உள்ள புதுவகை டர்போக்களில், அத்தகடுகளின் நிலையைக் கருவி கொண்டு சரிசெய்ய வேண்டியிருக்கும். அப்போது மறுபடி பட்டறையே கதி.

பணக் கணக்கு

கணக்குப் பழகுவதற்காகச் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். இவை கடை விலைகள் அல்ல, வெறும் எடுத்துக்காட்டு. ரிப்பேர் கிட் 4,000 ரூபாய்; பட்டறைச் செலவு 14,000 ரூபாய்; புதிய டர்போ 35,000 ரூபாய்.

வீட்டு வேலை வெற்றி பெற்றால் 10,000 ரூபாய் மிச்சம். தோற்றால் பெரும்பாலும் சக்கரங்களும் உடைந்துவிடுவதால் புதிய டர்போவே வாங்க நேரும். தோல்வியின் நிகழ்தகவு எவ்வளவு இருந்தால் இரண்டு வழிகளும் சமமாகும்? 4,000-உடன், நிகழ்தகவால் பெருக்கிய 35,000-ஐக் கூட்டினால் 14,000 ஆக வேண்டும். விடை 10,000/35,000, அதாவது ஏழில் இரண்டு. ஏழு பேர் முயன்று இருவருக்கு மேல் தோற்றால், 'மலிவு' வழியே விலையுயர்ந்த வழி ஆகிவிடும். உடைந்த துண்டு எஞ்சினுக்குள் போனால் ஆகும் செலவையும், வண்டி ஓடாத நாள்களின் வருமான இழப்பையும் இக்கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை. உங்கள் ஊர் விலைகளைக் கேட்டறிந்து, இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

டர்போவைக் கொன்றது யார்?

அப்படியானால் நம் கைக்கு வேலையே இல்லையா? உண்டு, மிக முக்கியமான வேலை உண்டு. டர்போ தானாகச் சாவது அரிது. பெரும்பாலும் அதைக் கொல்பவை எண்ணெய்க் குறைவு, அழுக்கு எண்ணெய், உள்ளே புகுந்த அந்நியப் பொருள், மிகு வெப்பம் ஆகிய நான்கே. காரணத்தைக் களையாமல் புதிய டர்போவைப் பூட்டினால் அதுவும் அதே வழியில் போகும். எந்தச் சிறந்த பேலன்சிங்கும் அதைக் காப்பாற்றாது. இந்தத் துப்பறியும் வேலைக்கு விலையுயர்ந்த எந்திரம் வேண்டாம். வீட்டிலும் உள்ளூர்ப் பட்டறையிலும் செய்யலாம்.

முதலில், டர்போ உண்மையிலேயே பழுதா என்று பாருங்கள். காற்றுக் குழாயில் கிழிசல் இருந்தாலும், கிளிப் தளர்ந்திருந்தாலும், வடிகட்டி அடைத்திருந்தாலும் வண்டி இழுக்காது, கரும்புகை வரும். குழாய்க் கிழிசலுக்காக நல்ல டர்போவைக் கழற்றி வீணாக்குவோரும் உண்டு. எஞ்சின் நின்று நன்கு ஆறிய பிறகு, விவரமறிந்த பெரியவர் காற்றுக் குழாயைக் கழற்றி அச்சின் முனையை அசைத்துப் பார்ப்பார். பக்கவாட்டில் சிறிது ஆடலாம். எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி அது. முன்னும் பின்னும் இழுத்தால் கையால் உணரும்படி அசையக் கூடாது. சக்கரம் கூட்டைத் தொடவும் கூடாது.

அடுத்து எண்ணெய்க் குழாய். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாயில் கரி படிந்து அடைத்திருந்தால் அதை மாற்ற வேண்டும். அதன் இணைப்பில் பசை தடவக் கூடாது. உதிரும் பசைத் துணுக்கே எண்ணெய்த் துளையை அடைத்துவிடும். எண்ணெய் திரும்பும் குழாய் புவியீர்ப்பால்தான் வடிகிறது; அது மடங்கியோ அடைபட்டோ இருந்தால், நல்ல டர்போவும் எண்ணெயைக் கக்கும். பழைய எண்ணெயையும் எண்ணெய் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். புதிதாகப் பூட்டிய டர்போவில் சிறிது எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றிவிட்ட பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.

கடைசியாக ஒரு பழக்கம். மலையேறி வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். உடனே நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று, டர்பைனின் வெப்பத்தில் எஞ்சிய எண்ணெய் கருகிக் கரியாகும். அக்கரிதான் நாளடைவில் குழாயை அடைக்கிறது.

ஓர் எச்சரிக்கை

நீலப் புகையை அலட்சியம் செய்து ஓட்டிக்கொண்டே இருக்கலாகாது. தேய்ந்த டர்போ வழியே எண்ணெய் பெருமளவில் எஞ்சினுக்குள் கசிந்தால், டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வேகம் கட்டுமீறி ஏறும். எஞ்சின் சிதறவும் கூடும். அத்தகைய வேளையில் மாணவர்களாகிய நீங்கள் அருகே நிற்காதீர்கள். உடனே விலகிச் செல்லுங்கள். ஓடும் டர்போவின் வாய்ப்பக்கம் கையையோ துணியையோ ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள்.

முடிவு என்ன?

கோவை ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பார்த்தே எஞ்சினின் நுட்பத்தைக் கற்றார் என்று படித்திருப்பீர்கள். பிரித்துப் பார்க்கும் ஆசை நல்ல ஆசை, அதை விட்டுவிடாதீர்கள். பழைய இரும்புக் கடையில் உடைந்த டர்போ ஒன்று கிடைத்தால் தாராளமாகப் பிரித்துப் பாருங்கள். பல டர்போக்களில் கம்ப்ரசர் நட்டு இடது மரையாக இருப்பதை அப்போது காண்பீர்கள்.

ஆனால் பிழைப்புக்காக ஓடும் வண்டியின் டர்போ என்றால், வேலையை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்வதே அறிவுடைமை. காரணம் கண்டறிவதும், எண்ணெய், குழாய், வடிகட்டி ஆகியவற்றைப் பேணுவதும் நம் பங்கு. சமநிலை பார்ப்பது எந்திரமுள்ள பட்டறையின் பங்கு. எதிர் வீட்டு இளைஞன் சொன்னதும் பாதி சரி. கடைக்காரர் சொன்னதும் பாதி சரி.

செய்து பாருங்கள்: உங்கள் சைக்கிளின் முன்சக்கரத்தில், விளிம்பை ஒட்டி, ஆரக்கம்பி ஒன்றில் 50 கிராம் எடையை இறுகக் கட்டுங்கள். நண்பர் ஒருவர் கைப்பிடியைப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்கிக்கொள்ளட்டும். டயரை மட்டும் தொட்டுச் சுழற்றிவிடுங்கள். கம்பிகளுக்கு நடுவே விரல் போகக் கூடாது. விநாடிக்கு மூன்று சுற்று என்றால் 50 கிராம் எடை அரைக் கிலோ அளவுக்கு இழுக்கும். கைப்பிடி அதிர்வதை நண்பர் சொல்வார். வேகத்தை இரட்டித்தால் அதிர்வு எவ்வளவு கூடும்? முதலில் கணக்கிடுங்கள், பிறகு சுழற்றிப் பாருங்கள்.